முதுகில் பதினேழு எழுத்து

பெயின்டரின் மனைவி லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துத் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிச் சோதனையில் லாரியின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், தேறாவிட்டால், அவள் புருஷனின் முதுகிலிருந்து ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்து, வாகன ஆய்வு அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். விதி அப்படி. படிவத்தில் அளவுகளை ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள். தேதி மட்டும் காலியாக இருந்தது.

சுத்தியலால் தட்டத் தட்டத் துரு ஏடு ஏடாக உரிந்து அவள் நெற்றியிலும் கழுத்திலும் விழுந்தது. உரிந்த இடத்தில் கம்பி பிரஷ், பிரஷ் ஏறாத ரிவெட் மூலைகளில் பழைய திருப்புளி, அதற்கும் மசியாத இடத்தில் உப்புத்தாள். காலையில் தொடங்கியது, மதியம் தாண்டியும் பாதிச் சட்டம்தான் முடிந்திருந்தது. பெயின்டர் பத்தடி தள்ளி ஒரு டிரம்மின் மேல் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். ஒவ்வோர் அடிக்கும் அவன் தோள் துள்ளியது.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றான்.

"வாயை மூடிட்டு உக்காருங்க. எந்த ஊர்ல வண்டி பேசுது?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் முகத்துக்கு நேர் மேலே, வலதுபக்கச் சட்டத்தில், முன் சக்கரத்துக்குப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மற்ற இடங்களைப்போல 'ணங்' என்று கேட்காமல் 'தொப்' என்று கேட்டது.

அந்த இடத்தில்தான் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பதினேழு எழுத்துச் சேஸிஸ் நம்பர் பொறித்திருந்தது. லாரி ஒத்தை லாரிக்காரருடையது. வாழ்நாளில் ஒரே ஒரு லாரி வைத்திருந்ததால் அந்தப் பெயர். அவருடைய சொந்தப் பெயர் லைசென்ஸைத் தவிர வேறெங்கும் புழங்கியதில்லை. கேபினையும் தொட்டியையும் இறக்கி, வெறும் சட்டத்தை நான்கு முட்டுகளின் மேல் நிறுத்தி, "துரு இல்லாம பண்ணி, ரெண்டு கோட்டு கறுப்பு அடிச்சுக் குடுங்க" என்று விட்டுப் போயிருந்தார். பெயின்டரும் அவன் மனைவியும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. நம்பர் மேல் முதலில் கிரீஸைத் தடவி, டேப்பை ஒட்டி மூடிவிட்டுத்தான் இரும்பு தேய்க்கும் கிரைண்டரைத் தொட வேண்டும் என்பது அந்தத் தொழிலில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த வருடம் நம்பர் இருந்த இடமே தெரியவில்லை. விரல் தடிமனுக்குத் துரு பொருக்குத் தட்டியிருந்தது. மூட வேண்டுமானால் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டுமானால் தேய்க்க வேண்டும். கையால் தேய்த்திருந்தால் அரை நாள் ஆகியிருக்கும். கிரைண்டருக்கு இரண்டு நிமிடம். எங்கே தேய்க்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காகத் தேய்த்த தேய்ப்பில் பதினேழு எழுத்தும் போய், இரும்பு கண்ணாடியாக மின்னியது.

நம்பர் இல்லாத லாரி சட்டப்படி லாரியே இல்லை. ஒத்தை லாரிக்காரர் வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "யாருடா பார்த்த வேலை இது?" என்று கேட்டார். பெயின்டர், "நான்தாண்ணே" என்றான். மறுநாள் விடிந்ததும் அவன் முதுகு அரித்தது. மனைவி சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, ஒரு சாண் நீளத்துக்கு, பதினேழு எழுத்தும் வரிசை பிசகாமல், உளியால் அடித்ததுபோல் புடைத்துத் துரு நிறத்தில் இருந்தன. மூன்றாவதாக இருந்த எட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது. சேஸிஸிலும் அது அப்படித்தான் சாய்ந்திருந்தது.

ஆய்வாளர் நியாயமான மனிதர். "நம்பர் எங்கய்யா?" என்றார். "இவன் முதுகுல சார்" என்றார் ஒத்தை லாரிக்காரர். "அப்ப சட்டையைக் கழட்டச் சொல்லுங்க, நேரமாகுது." பெயின்டரை மேஜைமேல் குப்புறப் படுக்கவைத்து, மெல்லிய தாளை விரித்து, எல்லா லாரிக்கும் செய்வதுபோலவே பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். பதினேழு எழுத்தும் தாளில் அச்சாக ஏறின. பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். ஒரே நிபந்தனை: லாரி ஓடும்போது நம்பரும் கூடவே போக வேண்டும்.

இப்படியாகப் பெயின்டர் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு லாரியில் ஏறினான். மாதத்தில் இருபத்தாறு நாள் சாலை, நான்கு நாள் வீடு. சுமை ஏற்றுகிறவர்கள், "வழி விடுங்கப்பா, ஆர்.சி. புக்கு டீ குடிக்க வருது" என்று கேலி பேசினார்கள். முதல் வருடத்தில் அவன் சண்டைக்குப் போனான். இரண்டாம் வருடத்தில் சேர்ந்து சிரித்தான். மூன்றாம் வருடத்தில், சிமென்ட் ஏற்றினால் அவனுக்கு மூச்சு வாங்குவதும், பஞ்சு ஏற்றினால் நன்றாகத் தூங்குவதும் தெரியவந்தது. நான்காம் வருடத்தில் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கியபோது கீழே நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த அவனுக்கு முழங்கால் மடங்கியது. மழைக்காலத்தில் முதுகில் பொருக்கு ஏறும். வீட்டுக்கு வரும் நான்கு நாளில் மனைவி அவனைக் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மெதுவாகச் சுரண்டி எடுப்பாள். "உங்க மூஞ்சியைவிட இந்த நம்பரைத்தான் அதிகமாப் பார்த்திருக்கேன்" என்பாள். பட்டறையை அவள் ஒருத்தியாக நடத்தினாள். எத்தனையோ லாரிகளின் துருவை எடுத்த கைக்கு, அந்த ஒரு சாண் மட்டும் அடங்கவில்லை. உப்புத்தாள் போட்டாள், ரத்தம் வந்தது. துரு நீக்கும் திரவத்தைத் தொட்டு வைத்தாள், கொப்புளித்தது. கொப்புளம் ஆறியதும் எட்டு அதே சாய்வோடு எழுந்து நின்றது.

ஆபத்து பன்னிரண்டாம் வருடம் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் வந்தது. சேஸிஸ் தேறாமல் கழிவாகிப் போகும் எந்த வண்டியும், நம்பர் உள்ள பகுதியை வெட்டிப் பதினைந்து நாளுக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நம்பரைத் திருட்டு வண்டிக்கு யாராவது பயன்படுத்திவிடுவார்களாம். புதிதாக வந்திருந்த ஆய்வாளரும் நியாயமான மனிதர்தான். "சட்டையைக் கழட்டச் சொல்ற மாதிரிதான் இதுவும். ரூல்னா ரூல்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே அளவெடுத்தார்.

ஆகவேதான் அவள் லாரிக்கு அடியில் கிடந்தாள். பொழுது சாயும்போது அந்த உள்ளங்கை அகல இடத்தில் அவள் விரல் உள்ளே போனது. அன்று கிரைண்டர் தின்று மெலிந்த இரும்பு. பன்னிரண்டு வருடமும் மேலே அடித்த கறுப்பை நம்பி உள்ளேயே மக்கியிருந்தது. பட்டி வைத்து அடைக்கலாம், மேலே ரெட் ஆக்சைடு அடிக்கலாம், கறுப்பும் அடிக்கலாம். ஆய்வாளரின் சுத்தியலுக்கு அதெல்லாம் தெரியும். அவள் வெளியே வந்தாள். கெரசினில் கை கழுவினாள். வாசலில் காத்துக்கொண்டிருந்த ஒத்தை லாரிக்காரரிடம் போய் நின்று ஏதோ சொன்னாள். "இப்ப சொல்லி என்ன தங்கச்சி ஆகப்போகுது?" என்றார் அவர். "சொல்லணும்ணே, அவ்வளவுதான்" என்றுவிட்டு, திரும்பவும் போய் ஓட்டையை அடைத்து, மீதிக்கும் பெயின்ட் அடித்து முடித்தாள்.

காலையில் ஆய்வாளரின் சுத்தியல் மூன்றாவது அடியிலேயே சட்டத்துக்குள் புகுந்தது. 'கழிவு' என்று எழுதினார். வெட்டுவதற்கு முன் கடைசியாக ஓர் அச்சு எடுத்துக்கொள்ளலாம் என்று பெயின்டரைப் படுக்கவைத்துத் தாளை விரித்துப் பென்சிலைத் தேய்த்தார். தாள் முழுக்கச் சாம்பல் நிறம் ஏறியது. ஓர் எழுத்துகூட விழவில்லை. முதுகு, முதல் கோட்டு காய்ந்த தகரம்போல வழவழவென்று இருந்தது.

"நம்பர் எங்கய்யா?"

"நேத்து வரைக்கும் இருந்துச்சு சார்" என்றார் ஒத்தை லாரிக்காரர். அது பொய்யில்லை.

"நம்பர் இல்லாத வண்டியை நான் எப்படிய்யா கழிக்கிறது?"

'எண் காணப்படவில்லை, கிடைத்ததும் தெரிவிக்கவும்' என்று குறித்துக் கோப்பைக் கட்டிவைத்தார்கள். லாரி பட்டறையிலேயே நின்றுவிட்டது. அது ஓடவும் கூடாது, கழியவும் முடியாது. சட்டம் உதிர்ந்து விழுந்தால் கோப்பு திறக்கும், தேடல் தொடங்கும். அதனால் மழை முடிந்த ஒவ்வொரு முறையும் துருவைச் சுரண்டிக் கறுப்பு அடிக்க வேண்டியிருந்தது. வருடத்துக்கொரு முறை இரண்டு ஊழியர்கள் வந்து பெயின்டரின் முதுகைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவன் மனைவி சுவரோரமாகவே நிற்பாள். உட்காரச் சொன்னாலும் நாற்காலியில் சாய மாட்டாள். அவளைத் திரும்பி நிற்கச் சொல்ல அந்த அலுவலகத்தில் யாருக்கும் தோன்றியதில்லை.

இப்போதெல்லாம் லாரிக்கு அடியில் படுப்பவன் பெயின்டர்தான். சுத்தியலைத் துணி சுற்றித்தான் பிடிக்கிறான். அப்படியும் ஒவ்வோர் அடிக்கும் சமையலறையில் ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்கும். தினமும் விடிந்ததும் அவள் பின்னால் நின்று, "நான்தான், நான்தான்" என்று ஏழெட்டு முறை சொல்லிப் பார்க்கிறான். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறான்.

அன்று சாயங்காலம் வாசலில் அவள் சொன்னதை ஒத்தை லாரிக்காரர் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. சாவதற்கு முந்தின வாரம்தான், பார்க்கப் போயிருந்த டயர்க்கடைக்காரரிடம் அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னார்:

"அண்ணே, அன்னிக்கு அவரு காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தாரு. கிரைண்டரைப் பிடிச்சிருந்தது நான்தான்."