பனியில் விழுந்த கோடு

சின்னக்கானல் எஸ்டேட்டின் உதவி மேலாளர் ரத்தினசாமிக்குக் கோல்ப் பந்தை அடிக்கத் தெரியும், தரையைப் படிக்கத் தெரியாது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள். பார்வைக்குப் பாய் விரித்த மாதிரி இருக்கும். உருட்டினால்தான் சரிவு தெரியும். கொழிஞ்சாம்பாறைப் பண்ணையார் வீட்டுப் பிள்ளையான அவருக்கு, மேலாளர் பெரிய துரை முன்னால் தினமும் மானம் போனது.

ஒரு விடியலில் வழி கிடைத்தது. பனி துடைக்காத புல்லில் பந்து போன தடம் கோடாக விழுந்தது. மேடாகத் தெரிந்த பக்கம் உருட்டினாலும் பள்ளத்தாக்குப் பக்கமே வளைந்தது.

மூங்கில் கழியால் பனி துடைப்பது குருவம்மாளின் வேலை. புருஷன் செத்தபின் கிடைத்த தற்காலிக வேலை. பெயர் நிரந்தரப் பதிவில் ஏறாவிட்டால் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"நான் உருட்டி முடிக்கற வரைக்கும் தொடைக்காதே. உம்பட பேரைப் பதிய வெக்கறது எம் பொறுப்பு" என்றார் ரத்தினசாமி. அவள் நம்பினாள்.

கோப்பைப் போட்டியன்று ஆட்டத்துக்கு முன் கிரீனில் யாரும் உருட்டக்கூடாது. மீறினால் ஆட்டத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். அன்று விடியலிலும் உருட்டினார் மனுஷன். கடைசிக் கிரீனில் பெரிய துரை வந்து நின்றபோது பனியெல்லாம் கோடு.

"யார் வேலை இது?"

பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டார் ரத்தினசாமி. "இவ புள்ளைங்க சார். எத்தனை சொன்னாலும் கேக்கறதில்லீங்க." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைக் குருவம்மாள் வாக்குறுதி என்று எடுத்துக்கொண்டாள், பாவி. "ஆமா தொரை. எம் மக பூமாரிதான். தெரியாமப் பண்ணிட்டா."

"இன்னையோட வேலை இல்லை. சாயங்காலம் வீட்டைக் காலி பண்ணு" என்றார் பெரிய துரை. ரத்தினசாமி வாயைத் திறக்கவில்லை. அந்த வாயில் புழு வைக்க.

மாலையில் அதே கிரீனில் ரத்தினசாமி கோப்பையை வெல்ல ஒரே ஒரு உருட்டல் மிச்சம். மூட்டையோடும் மகளோடும் வந்து ஓரமாக நின்றாள் குருவம்மாள். அவர் குந்தி உட்கார்ந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரை, நீங்க ஒரு வார்த்த சொன்னா பெரிய தொரை கேப்பாக. நீங்க சொன்னபடிதான நான் செஞ்சேன்" என்றாள் மெதுவாக.

அவர் தலை நிமிரவில்லை. "தள்ளி நில்லு. நெழலு உழுகுது."

அவள் தள்ளி நின்றாள். மகளையும் இழுத்துக்கொண்டாள்.

பந்து காலையில் பனியில் விழுந்த கோட்டிலேயே வளைந்து போய்க் குழியில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பூமாரியும் தட்டினாள்.