வில்ஃப் கட்சி ஜெயித்த பிறகு

பதினான்கு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் வில்ஃப் ஹார்ட்காஸ்டில் அரசாங்கத்தைத் திட்டிவந்தார். ஹேவர்லி சந்தைச் சதுக்கத்தில் ஹேஸலின் டீக்கடை, ஜன்னலோர மேஜை. பன்றிக்கறி வைத்த ரொட்டி, கெட்டி டீ, பிறகு திட்டு. சாலையில் பள்ளம் விழுந்தால் ஆளுங்கட்சியான டோரிகள், பல் டாக்டர் கிடைக்கவில்லை என்றால் டோரிகள், ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் போடும்படி குளிர் அடித்தால் அதற்கும் டோரிகள்தான். கல்குவாரியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை அவருக்கு. எதிர்ப்பக்கத்து மீன்கடைக்காரர் அங்கிருந்தபடியே பதில் சொல்வார்.

அந்த ஜூலையில் வில்ஃபின் லேபர் கட்சி ஜெயித்து ஆட்சிக்கு வந்தது. ஹேவர்லியிலும் டோரி எம்.பி. ஜூலியன் பெல்லமி தோற்றுப்போய், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த கிர்ஸ்டி ஓல்ட்ராய்ட் ஜெயித்தாள். அவளுக்காக மேட்டுத்தெரு முழுக்க முட்டி வலிக்க ஏறி இறங்கி நோட்டீஸ் போட்டவர் வில்ஃப். முடிவு வந்த மறுநாள் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மீன்கடைக்காரரைக் கட்டிப்பிடித்தார்.

அடுத்த சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். ரொட்டியைத் தின்றார். டீயைக் குடித்தார். வாயைத் திறந்தார். திட்டுவதற்கு ஆள் இல்லை.

"என்ன கண்ணு, பல்லு வலியா?" என்றாள் ஹேஸல். ஹேஸலுக்கு எல்லோரும் கண்ணுதான், போலீஸ்காரர் உட்பட.

"ஒண்ணுமில்ல."

"பல்லு வலின்னா சொல்லுங்க. இப்ப உங்க ஆளுங்கதானே, டாக்டர் உடனே கிடைச்சிருவாரு."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் வில்ஃபிடம் வந்து கேட்டார்கள். மழை பெய்தால் "வில்ஃப், மேலிடத்துல கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்கள். அவரும், "வந்து ரெண்டு வாரம் ஆகல, அதுக்குள்ள என்னய்யா அவசரம்?" என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அது தன் குரல் மாதிரி இல்லை என்று அவருக்கே பட்டது. இப்படிப் பொறுமை பேசுகிறவர்களை அவருக்கு ஆயுசு முழுக்கப் பிடித்ததில்லை.

மாதக் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. வயதானவர்கள் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளக் கொடுத்துவந்த பணம் இனி மிகவும் ஏழைப்பட்டவர்களுக்கு மட்டும்தானாம். வில்ஃபுக்கும் அவர் மனைவி நோராவுக்கும் கிடையாது. டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த நோரா மெதுவாகத் திரும்பினாள்.

"கஜானா காலியாம்," என்றார் வில்ஃப். "அவங்க துடைச்சு வச்சிட்டுப் போயிட்டாங்க. என்ன செய்வாங்க பாவம்?"

"இதையே அவனுங்க செஞ்சிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

வில்ஃப் எழுந்தார். தோட்டத்துக்குப் போய், சும்மா நின்றிருந்த அவரைக்கொடியை இழுத்து இழுத்துக் கட்டினார்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, கடையில் இடமே இல்லாத நேரத்தில் கதவு திறந்தது. ஜூலியன் பெல்லமி. கோட்டு இல்லை, டை இல்லை, முழங்கையில் நூல் பிரிந்த ஒரு ஸ்வெட்டர். காலியாக இருந்தது ஒரே நாற்காலி, வில்ஃபுக்கு எதிரே.

"இங்க உட்காரலாமா?"

"தொரைக்கு நாற்காலி துடைச்சுப் போடணுமோ?" என்றார் வில்ஃப்.

பெல்லமி உட்கார்ந்தார். "நீங்கதானே போன தேர்தல்ல இதே சந்தையில என்னை 'கோட்டு போட்ட மாவு உருண்டை'ன்னு சொன்னது?"

"நான்தான். ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? என் பொண்டாட்டி இன்னைக்கும் அப்படித்தான் கூப்பிடுறா."

ஹேஸல் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். பெல்லமி சர்க்கரையைக் கலக்கினார். கலக்கிக்கொண்டே, யாரிடமும் குறிப்பாக இல்லாமல், "இந்தக் குளிர்காலப் பணத்தை நிறுத்தினது அநியாயம்ங்க" என்றார்.

அப்புறம் அவர் நிறுத்தவில்லை. எண்பது வயது தாண்டியவர்கள் என்ன செய்வார்கள், கரண்டு விலை என்ன, யோசிக்காமல் செய்த வேலை, மனசாட்சி இருக்கிறதா. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கரண்டியால் மேஜையைத் தட்டினார். பக்கத்து மேஜையில் ஒரு கிழவி "அப்படிச் சொல்லுங்க!" என்றாள். பெல்லமியின் முகம் சிவந்து பளபளத்தது.

"திட்டுறதுல இவ்வளவு சுகம் இருக்குன்னு யாருமே எங்கிட்டச் சொல்லலையே," என்றார் மூச்சு வாங்கியபடி.

வில்ஃபுக்கு வயிறு எரிந்தது. அது அவருடைய மேஜை, அவருடைய வேலை.

"ஏன் தொரை, ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸை நிறுத்துனீங்களே, அப்ப எங்க போச்சு இந்த மனசாட்சி? என் நோரா முட்டி ஆபரேஷனுக்கு ரெண்டு பஸ் மாறிப் போனா!"

"பஸ்ஸு கவுன்சில் விஷயம்."

"கவுன்சிலுக்குக் காசு குறைச்சது யாரு? மீன்கடைக்காரரா?"

"என்னை ஏம்பா இழுக்கிற?" என்றது எதிர்ப்பக்கத்துக் குரல்.

பெல்லமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பழைய எம்.பி. முகம் ஒரு கணம் வந்துவிட்டுப் போயிற்று. "சரி," என்றார். "அது தப்புதான். இப்ப சொல்றதுல எனக்கு நஷ்டம் ஒண்ணுமில்ல."

வில்ஃப் தயாராக வைத்திருந்த அடுத்த நான்கு வாக்கியங்களும் வாயிலேயே நின்றுவிட்டன. எதிராளி இப்படிக் கையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது? டீயை ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

"பணத்தை நிறுத்தினதும் தப்புதான்," என்றார். கடையில் எல்லோருக்கும் கேட்டது. மெதுவாகப் பேச அவருக்கு வராது.

அடுத்த சனிக்கிழமை கிர்ஸ்டியே சந்தைக்கு வந்தாள். அவளுக்கு இன்னும் சொந்த அலுவலகம்கூடக் கிடைக்கவில்லை. தோள்பையில் காகிதக் கட்டுகளோடு கடை கடையாகப் போய் மக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேஸலின் கடைக்குள் நுழைந்ததும் எல்லாக் கண்களும் வில்ஃப் மேல் திரும்பின. எதிரே பெல்லமி, ரொட்டியைக் கடித்தபடி ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வில்ஃப்! நல்லா இருக்கீங்களா?" என்றாள் கிர்ஸ்டி.

வில்ஃப் எழுந்தார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லத்தான் நினைத்தார்.

"நல்லா இல்லம்மா! உனக்காக நான் முட்டி தேய ஏறி இறங்கினேன். வீடு வீடா என்ன சொன்னேன் தெரியுமா? இவ நம்ம பொண்ணு, நம்மளைக் கைவிட மாட்டான்னு சொன்னேன். இப்ப அந்த வீட்டுக்காரங்கல்லாம் என்னைத் தெருவுல நிறுத்திக் கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்றது? நீயே சொல்லு!"

கிர்ஸ்டி வாசலருகே நின்றபடியே பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நாட்டோட நிதி நிலைமை..." என்று ஆரம்பித்தாள்.

"நிதி நிலைமையைப் போர்த்திக்கிட்டுத் தூங்க முடியுமா?"

பெல்லமி ரொட்டியைக் கீழே வைத்தார். அவரும் சேர்ந்துகொள்ளப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உட்கார்ந்து கேளுங்கம்மா," என்றார் தணிந்த குரலில். "நின்னுக்கிட்டே கேட்டா எப்படா ஓடுவோம்னு நிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு இது தெரியறதுக்குள்ள தேர்தலே போயிடுச்சு."

கிர்ஸ்டி அவரைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். ஹேஸல் டீ வைத்தாள். வில்ஃபும் உட்கார வேண்டியதாயிற்று. உட்கார்ந்ததும் குரல் பாதியாகிவிட்டது. நோராவின் முட்டி, வடக்குப் பார்த்த படுக்கையறை, சாயங்காலமே கம்பளிக்குள் புகுந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக் கிழவர் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் இடையில் பேசவில்லை. கடைசியில், "நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் வில்ஃப், பொய்யாப் போயிடும். ஆனா இதை அப்படியே போய்ச் சொல்வேன்" என்றாள்.

"சத்தமாச் சொல்லு."

"உங்க அளவுக்கு முடியாது."

பாராளுமன்றத்தில் அந்தப் பணத்தைப் பற்றி ஓட்டெடுப்பு வந்தபோது அவள் கட்சியோடுதான் நின்றாள். அன்று வில்ஃப் டிவியைப் பார்த்துக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆமாமா!" என்று கூடவே கத்தினார். கட்சி அட்டையை வில்ஃப் கிழித்துப் போடவில்லை. நம் வீட்டுக்காரர்களைத் திட்டுவதற்கு வீட்டுக்குள் இருந்தால்தானே முடியும் என்றார் நோராவிடம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை கடையிலிருந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. பெல்லமி அவரோடு பாலம்வரை நடந்து வந்தார். மந்திரிகளைப் பற்றி இருவரும் ஆளுக்கொரு வசை சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"அடுத்த வாரம் வருவீங்களா?" என்றார் பெல்லமி.

"வராம? நீங்க எனக்கு முன்னாடி வந்து ஜன்னல் பக்கம் உட்காரக் கூடாது, ஆமா."

அவர் போனபிறகு வில்ஃப் பாலத்தை ஒட்டிய சந்தைக்கோடியில் ஒரு பை பிளம் பழம் வாங்கினார். நன்றாகப் பழுத்தவை. பாலத்துச் சுவரில் சாய்ந்து ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. கீழே ஆற்றில் இரண்டு வாத்துகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன. வில்ஃப் கொட்டையைத் துப்பிவிட்டு இன்னொன்றை எடுத்தார்.