எந்த வீட்டு வாசல்

வேங்கிக்காலில் வக்கீல் கவிநிலாவின் அறையில் காலையிலிருந்து இருவரும் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் என் வீட்டுக்காரர் ராணுவ ஆஸ்பத்திரியில் இந்தியில் சொல்லித் தொலைத்த ஒரு வார்த்தையால். “வீட்டு வாசல்ல வழுக்கி விழுந்தேன்” என்றாராம். விழுந்தது எல்லை மலையில், பனியில், காவல் முடிந்து திரும்பும்போது. அங்கே அவர்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகைக்குப் பெயர் வீடு. எழுதிக்கொண்டவரோ லீவில் ஊருக்கு வந்தபோது விழுந்ததாக எழுதிவிட்டார். அந்த மாதம் லீவில் வந்துபோனதும் நிஜம், கேட்கவா வேண்டும். பணியால் வந்த ஊனம் இல்லை என்று பென்ஷனை மறுத்தார்கள். தீர்ப்பாயமும் அதையே சொன்னது. அது சரியா என்று இனி சென்னை ஹைகோர்ட்தான் பார்க்க வேண்டும். பணம் வந்தால் நான் ஒன்றும் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை. அவருக்கு வேண்டியது வேறு. மடக்க முடியாத அந்தக் கால் வேலையில்தான் போனது என்று ஒரு ஜட்ஜ் வாயால் சொல்ல வேண்டும். அதற்காகவே உயிரை வைத்துக்கொண்டிருக்கிறார்.

“அம்மா, நீங்களும் ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா பலமா இருக்கும்” என்றாள் கவிநிலா. “சக்கரவர்த்தி சார் வீடுன்னு எதைச் சொல்லுவாரு? உங்களுக்குத் தெரியும்ல?”

எனக்கா தெரியாது. அங்கிருந்து போன் பண்ணினால், “இரு ரேணுகா, வீட்டுக்குப் போய்ப் பேசறேன்” என்பார். இங்கே வந்தாலோ பார்க்கிறவர்களிடமெல்லாம் “லீவுக்கு வந்திருக்கேன்.” ரிட்டையராகி வந்தும் மாறவில்லை. கடைக்குப் போய்த் திரும்பும்போது, “ரூமுக்குப் போலாமா?” எங்கள் ஊர் ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்துவிட்டுப் போகிற வெள்ளைக்காரர் மாதிரி. நான் சித்தாளோடு சித்தாளாக நின்று தண்ணீர் ஊற்றிக் கட்டின சுவர் அது. பற்றிக்கொண்டு வரும் எனக்கு. ஊரெல்லாம் வீட்டுக்காரர், வீட்டுக்காரர் என்று நான் சொல்வதோடு சரி.

“எழுதிக்கோம்மா” என்றேன். “அவரு வீடுன்னா அந்தக் கொட்டாயிதான். நான் இருக்கற வீட்டை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல.”

கவிநிலா எழுதாமல் என்னையே பார்த்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து அவர் என் பக்கம் திரும்பினார்.

“அப்படியா ரேணுகா?”

“கோர்ட்டுல பொய் சொல்லக் கூடாதுல்ல.”

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். இல்லை, நீ சொல்வது தப்பு, எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன் என்று மல்லுக்கு நிற்கமாட்டாரா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. மறுத்தால் கேஸ் போச்சு. இத்தனை வருஷம் அலைந்ததும் போச்சு. தெரிந்தும் பாழும் மனசு அதற்குத்தான் ஏங்கியது.

“அவ சொல்றது சரிதான் மேடம்” என்றார் கடைசியில். “அப்படியே எழுதிக்கோங்க.”

கையெழுத்துப் போட்டேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆட்டோவில் அவர் காலை நீட்ட இடம்விட்டு ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தேன்.

“எங்க சார் போவணும்?” என்றார் ஆட்டோக்காரர்.

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வண்டி அதிர்ந்துகொண்டே நின்றது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி காத்திருந்தார். வீடா, ரூமா என்று நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.