எலிசபெத்தம்மாள் வேஷம்

சூரமங்கலம் மாதா கோயில் திருவிழாவுக்கு அந்த வருஷம் எலிசபெத்தம்மாள் நாடகம் என்று முடிவானது. பழைய ஜெர்மனியில் ஒரு மலைக்கோட்டை. அதன் பிரபு சிலுவைப்போருக்குப் போகும் வழியில் காய்ச்சலில் செத்துப்போக, அவன் தம்பி விதவை அண்ணி எலிசபெத்தம்மாளையும் பிள்ளைகளையும் கொட்டுகிற பனியில் கோட்டையை விட்டுத் துரத்துகிறான். திரை வரைந்தவன் ஜெர்மனியைக் கண்டானா? சங்ககிரிக் கோட்டையையே வரைந்து வைத்தான்.

எலிசபெத்தம்மாள் வேஷம் சின்னப்பராஜுக்கு. ரயில்வேயில் இருந்த அவன் அண்ணன் பாக்கியநாதன் செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அண்ணி இன்னாசிமேரியை, "ரெண்டும் பொட்டப்புள்ளைங்க, ஊட்டைக் காலி பண்ணுங்க" என்று நெருக்கிக்கொண்டிருந்த உத்தமன் இவன்தான். அவளுக்குத் தாய்வீடும் இல்லை. பூர்விக வீட்டில் அவளிருந்த இரண்டு அறையும் போனால் ரயிலடிதான் கதி. திருவிழா முடிந்த ஞாயிறு கோயில் முன்னால் பேசித் தீர்ப்பதாக உபதேசியார் சொல்லியிருந்தார்.

நாடகத்துக்கு அவளுடைய இரண்டு பெண்களையே சின்னப்பராஜ் கேட்டபோது அவள் மறுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை மேடையில் அணைத்துக்கொண்டு நின்றாலாவது கல்மனசு இளகாதா என்ற நப்பாசை.

வெயில் தாழ நாடகம் தொடங்கியது. பனிக்குப் பஞ்சைத் தூவினார்கள். கோட்டைக் கதவு சாத்தியதும் சின்னப்பராஜ் பிள்ளைகளை இழுத்து அணைத்து, உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தட்டித் தட்டி, "எங்க போவனுங்க, எஞ்சாமி!" என்று அழுதான். கூட்டம் தேம்பியது.  பாக்கியநாதனின் சவப்பெட்டியைத் தூக்கியபோது இன்னாசிமேரி அழுத அழுகை அது. தட்டிய தட்டல், சொன்ன சொல், எல்லாம் அவளுடையவை. பாவி, அன்றைக்கு அண்ணனுக்காகவா நின்றான்? பாடம் படித்துக்கொண்டல்லவா நின்றிருக்கிறான்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கூடினார்கள். சின்னப்பராஜ் கைகட்டி நின்றான்.

"அண்ணியும் புள்ளைங்களும் ஏதாச்சும் மடத்துல இருந்தா நல்லதுன்னுதானுங்க சொன்னேன். நான் பாத்துக்க மாட்டனா?"

உபதேசியார் அவளிடம் திரும்பினார். "புள்ளைங்களைக் கட்டிப்புடிச்சு அப்பிடி அழுத மனுசன் உனக்குக் கெட்டது நெனப்பானா, மேரி? ஊட்டை உட்டுக்குடு."

 இன்னாசிமேரி அப்படியே உட்கார்ந்து, பிள்ளைகளை மடியில் இழுத்துப்போட்டு, தரையைத் தட்டித் தட்டி அழுதாள்.

"எங்க போவனுங்க, எஞ்சாமி!"

 முன்னால் நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்தாள்.

"அடேயப்பா, சின்னப்பராஜ் மாதிரியே நடிக்கறா பாரு!"

கூட்டம் சிரித்தது.