நலம் விசாரிக்க இரண்டு நிமிடம்

விலங்குகளின் பெயரில் வருடம் எண்ணும் எங்கள் கணக்கில், இது நடந்தது குரங்கு வருடமா, கோழி வருடமா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. மேட்டில் காற்று பலமாக அடித்ததாக நினைவு. கோபிப் பாலைவனத்தில் எந்த மேட்டில்தான் காற்று அடிக்கவில்லை? மந்தை மேய்க்கும் லுவ்சான் சொன்னதும் ஊர் சொன்னதும் எனக்குள் கலந்துபோயிருக்கலாம்.

குடிமக்கள் கைபேசியில் முகம் பார்த்துத் தங்களிடம் பேசலாம் என்று தலைநகர் உலான்பாத்தரில் நாடாளுமன்றக் குழு ஒன்று அறிவித்திருந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம். அதை வெட்டவோ நீட்டவோ யாருக்கும் அதிகாரமில்லை. பேசியதை இயந்திரமே எழுதி, நாடே படிக்கும்படி போட்டுவிடும்.

ஒன்பது குடும்பங்களின் குளிர்கால முகாமுக்கு ஒரே ஆழ்கிணறு. அதன் மோட்டார் நின்று இரண்டு வருடம். பனிக்கு முன் அது ஓடாவிட்டால், மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்தவர் மேய்ச்சல் நிலத்தில் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். இதைச் சொல்ல லுவ்சானைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் வட்டாரத்திலேயே இல்லை. அவர் மனைவி நோர்ஜ்மாவுக்கு அதுதான் கவலை.

"கெணத்த மட்டும் சொல்லிட்டு எறங்கி வா, கிழவா."

பட்டு அங்கி உடுத்தி, இடுப்பில் மூக்குப்பொடிக் குப்பி செருகி, சிக்னல் கிடைக்கும் ஒரே மேட்டில் ஏறினார் லுவ்சான். உச்சியில் இருந்த புனிதக் கற்குவியலை முறைப்படி மூன்று சுற்று சுற்றி முடிக்கவும் திரையில் குழுத் தலைவர் தெரிந்தார். அவரும் கோபிக்காரர்தான்.

"மந்தை நல்லா கொழுத்திருக்கா, அண்ணே?"

"நல்லா கொழுத்திருக்கு."

"புல்லு தண்ணியெல்லாம்?"

லுவ்சான் அங்கியைச் சரிசெய்துகொண்டார். கேட்டவுடன் கெட்டதைச் சொல்பவன் மனிதனா? முதலில் எல்லாம் நலம். தேநீர் ஒரு கிண்ணம் இறங்கிய பிறகுதான் உண்மை. அப்பா அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான்.

"புல்லு தண்ணிக்கு ஒரு கொறையும் இல்ல," என்றார்.

பிறகு, சந்திப்பவருக்கு முகரக் கொடுத்து வாங்கும் வழக்கப்படி, வலது கையால் பொடிக்குப்பியைத் திரையை நோக்கி நீட்டினார். அங்கே தலைவரும் தன்னை அறியாமல் வெறுங்கை நீட்டி வாங்கி, முகர்வதுபோல் மூக்கருகே கொண்டுபோய், திருப்பிக் கொடுத்தார். இனி விஷயத்துக்கு வரலாம் என்று லுவ்சான் தொண்டையைச் செருமினார். திரை அணைந்தது.

மறுநாள் நாடே படித்தது: மந்தை கொழுத்துள்ளது. புல், தண்ணீருக்குக் குறையில்லை. உதவிப் பட்டியலிலிருந்து வட்டாரத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள். மற்ற எட்டுக் குடும்பங்களும் வந்து, முறைப்படி நலம் விசாரித்து, தேநீர் குடித்து, அதன் பிறகு லுவ்சானைத் திட்டின. நோர்ஜ்மா திட்டவில்லை. இரண்டு நாள் அவள் பேசவே இல்லை. அந்த மௌனத்துக்கு எட்டு வீட்டு வசவும் ஈடாகாது என்று லுவ்சானுக்குத் தோன்றியது.

அடுத்த அமர்வுக்கு அவள் தன் பெயரைப் பதிவு செய்தாள். பால் கறந்த கையோடு, வாளியைக்கூட வைக்காமல் மேடேறினாள். லுவ்சான் பின்னாலேயே போய் நின்றார்.

"மந்தை நல்லா கொழுத்திருக்கா, அக்கா?" என்றார் தலைவர்.

"இல்ல. கெணத்து மோட்டார் ஓடி ரெண்டு வருஷமாச்சு. பனிக்கு முன்ன மோட்டார் வேணும்."

லுவ்சான் கண்களை மூடிக்கொண்டார். அவள் பேசியது பதினோரு நொடி. மிச்ச நேரம் வாளியோடு நின்று தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் காகிதத்தைப் புரட்டினார், தண்ணீர் குடித்தார், உத்தரத்தைப் பார்த்தார். நாடாளுமன்றம் அவ்வளவு நேரம் வாய்மூடி இருந்ததை மக்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்று சாயங்காலத்துக்குள் நாட்டில் பாதிப் பேர் அந்த மௌனத்தைப் பார்த்திருந்தார்கள்.

முதல் பனிக்கு ஒன்பது நாள் முன்னால் மோட்டார் வந்தது. தலைவர் அடுத்த தேர்தலில் தோற்று, இப்போது ஒட்டகம் வளர்க்கிறார். நோர்ஜ்மா வட்டார மன்றத்தில் உறுப்பினர். லுவ்சான் அவள் மரியாதைக் குறைவுக்காக எட்டு வீடுகளுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். எல்லா வீட்டிலும் தேநீர் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் போட்டிருந்தார்கள்.