ஒரு குப்பி அதிகம்

குறைந்திருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். உடைந்திருக்கும், வீணாகியிருக்கும், யாராவது பதிய மறந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆயிரம் சாக்கு இருக்கிறது. மாதக் கடைசி நாள் காலையில் தடுப்பூசி ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணியபோது தட்டம்மைக் குப்பி ஒன்று அதிகமாக இருந்தது. மூன்று தடவை எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவையும் எண்ணினேன். பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று. ஒரு குழந்தைக்கு ஒரு குப்பி. போட்டதாகக் கணினி சொல்லும் ஓர் ஊசியை எந்தக் குழந்தைக்கும் போடவில்லை என்று அர்த்தம்.

ஒரு குடும்ப டாக்டரின் கிளினிக்கில் பத்தொன்பது வருஷமாக நர்ஸ் நான். தடுப்பூசி முழுக்க என் பொறுப்பு. எந்தக் குழந்தைக்கு எப்போது எது என்று பார்த்து, தவணை வந்ததும் அம்மாக்களுக்குப் போன் போட்டு வரவழைப்பேன். வராவிட்டால் மறுபடி போடுவேன். அதற்கும் வராவிட்டால் குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு மறுபடி. பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஊசி அத்தை. தெருவில் என்னைப் பார்த்தால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சொந்தத்திலும் என்னை அத்தை என்று கூப்பிட இரண்டு பேர் உண்டு, தம்பியின் பிள்ளைகள். அவர்கள் ஒளிவதில்லை. பார்த்தால்தானே ஒளிய.

ஒரு நாளைக்கு நான் நாற்பது பேரைக் கூப்பிடுகிறேன். என்னைக் கூப்பிட ஒருத்தன்தான். தம்பி, மாதத்தின் முதல் ஞாயிறு. "சாப்டியாக்கா? பிரஷர் மாத்திரை போட்டியா? சரி, வச்சிடட்டுமா?" மூன்றுக்கும் ஆமாம் என்று ஒரே பதில் போதும், யோசிக்கவே வேண்டாம். சில மாதம் போனை வைத்த பிறகுதான் நான் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வரும்.

குப்பிக்கு வருகிறேன். ஊசி போட்டதும் குப்பியின் தொகுதி எண், தேதி எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். அது பத்து இலக்கம், குழந்தை அலறும்போது தட்டினால் தப்பாகப் போகும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே, மறுநாள் வரப்போகிற குழந்தைகளுக்கெல்லாம் 'போட்டாச்சு' என்று ஏற்றி வைத்துவிடுவேன். வராதவர்களை அன்றே அழித்துவிடுவேன். முன்மேசைப் பெண் என்னைக் கெட்டிக்காரி என்பாள். அவளுக்கு நான் வைத்த பெயர் ரேடியோ, நிறுத்துகிற பொத்தான் மட்டும் கிடையாது. ஆறு வருஷம் இந்தக் கெட்டிக்காரத்தனம் ஓடியது.

அந்த மாதத்தின் முப்பத்தொரு பதிவையும் திறந்து, டாக்டரின் குறிப்போடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பதினேழாவதில் மாட்டியது. ஒரு வயது முடிந்த பையன். என் பதிவில் 'போட்டாச்சு'. டாக்டரின் குறிப்பில் 'நல்ல காய்ச்சல், ஊசி வேண்டாம், பத்து நாள் கழித்து வரவும்'. அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்த அம்மா தனியாக வந்திருந்தாள். இடுப்பில் பிள்ளை, தோளில் பை, தடுப்பூசி அட்டை பல்லிடுக்கில். புருஷனுக்குக் கப்பலில் வேலை, போய் ஐந்து மாதம் என்றாள். "பத்து நாள்ல நானே கூப்பிடறேன்மா, நீங்க ஞாபகம் வச்சுக்க வேணாம்" என்று நான்தான் சொன்னேன். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் என் போன் அடித்தது. பார்த்தால் தம்பி. அன்று ஞாயிறும் இல்லை, மாத முதலும் இல்லை. பதிவை அழிக்கக்கூட நிற்காமல் பஞ்சும் மருந்தும் வைக்கிற அறைக்குள் ஓடிப் போய் எடுத்தேன்.

அவன் என்னைக் கூப்பிடவில்லை. சட்டைப் பையில் போன் எப்படியோ அழுந்தியிருக்கிறது. அவன் வீட்டுச் சத்தம்தான் கேட்டது. வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சுக்கூட அந்தப் பக்கம் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு பதினோரு நிமிஷம் நின்றேன். வெளியே வந்தபோது அடுத்த மூன்று குழந்தைகள் காத்திருந்தார்கள். பதிவு அப்படியே நின்றுவிட்டது. 'போட்டாச்சு' என்று இருப்பவனைக் கூப்பிடச் சொல்லி எந்தப் பட்டியலும் எனக்கு நினைவூட்டாது.

பக்கத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்று சுற்றறிக்கை வந்து, முந்தின நாள்தான் அதைச் சுவரில் ஒட்டியிருந்தேன். போய்த் தெருவின் பெயரைப் படித்தேன். திரும்பி வந்து பையனின் முகவரியைப் படித்தேன். ஒரே தெரு.

ஒரு நிமிஷம் புத்தி கோணலாகப் போனதை மறைக்க மாட்டேன். 'கூடுதலா ஒரு ஊசி இருக்கும்மா' என்று வரவழைத்துப் போட்டுவிடலாம். கணினியில் ஏற்கெனவே இருக்கிறது, எண்ணிக்கையும் சரியாகிவிடும், ஈ காக்கைக்குத் தெரியாது. ஆனால் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் என்னிடம் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. சாயங்காலம் இன்னொன்றையும் சுமந்துகொண்டு என் அறைக்கு ஏறிப்போகத் தெம்பில்லை. டாக்டரின் கதவைத் தட்டினேன்.

அவர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முழுதும் கேட்டுவிட்டு, "முன்னாடியே ஏத்தி வைக்கிறது எவ்ளோ நாளா நடக்குது, சிஸ்டர்?" என்றார்.

"ஆறு வருஷமா."

"மொதல்ல அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க. அப்புறம் ஆறு வருஷத்தையும் உக்காந்து பாப்போம். மேல எழுதணும். உங்க பேரு வரும்."

"வரட்டும் டாக்டர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன் போட்டேன். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தாள்.

"பையனுக்குக் காய்ச்சல், கண் செவப்பு, சளி எதாவது இருக்காம்மா?"

"இல்லக்கா. நல்லாத்தான் இருக்கான். ஏன்?"

"உடனே கூட்டிட்டு வர முடியுமா? அவனுக்கு அந்த ஊசி போடல."

"வரேன்" என்றாள்.

அரை மணி நேரத்தில் வந்தாள். வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள், தலைகூட வாரவில்லை. டாக்டர் பையனைப் பார்த்து, போடலாம் என்றார். இந்தத் தடவை குப்பியை அவள் கண்ணெதிரே திறந்து, போட்ட பிறகுதான் எண்ணை ஏற்றினேன். பையன் என்னைப் பார்த்து ஒரு நொடி யோசித்துவிட்டு, வாங்கின அடிக்கு வட்டியும் சேர்த்து அலறினான்.

அட்டையை வாங்கினேன். தட்டம்மைக் கட்டம் காலியாக இருக்கும் என்று நினைத்தால், பென்சிலில் ஒரு தேதி இருந்தது. அந்தக் காய்ச்சல் நாளின் தேதி. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. என் கையெழுத்து இல்லை.

"நான்தான் எழுதினேன்" என்றாள். "நீங்க கூப்பிடலைன்னு ரெண்டு வாட்டி இங்க போன் பண்ணேன். முன்னாடி இருக்கறவங்க கம்ப்யூட்டர பாத்துட்டு, போட்டாச்சும்மா, நீங்கதான் மறந்துட்டீங்கன்னாங்க. அட்டைல இல்லையேன்னேன். எழுத விட்டுப் போயிருக்கும்னாங்க."

ரேடியோவின் மேல் குற்றமில்லை. நான் எழுதி வைத்ததைத்தான் அவள் வாசித்தாள்.

"போடலைன்னு உங்களுக்குத் தெரியுமே" என்றேன்.

"தெரியும். அப்புறம் தெரியல. அவன் தூங்கறதே இல்ல, நானும் தூங்கறதில்ல. கேஸ அணைச்சுட்டு, அணைச்சேனான்னு மூணு வாட்டி போய்ப் பாக்கறேன். போட்டிருப்பாங்க, எனக்குத்தான் புத்தி பிசகுதுன்னு நெனச்சேன். கூட வந்தவங்க யாராச்சும் இருந்தா கேட்டிருப்பேன். யாரக் கேக்கறது?" அவள் பையனின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் அழுகையை எப்போதோ நிறுத்தியிருந்தான்.

ஒரு ஊசி தவறியதைத்தான் என் தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத ஒரு பெண்ணை, தன் கண்ணையே நம்பாமல் ஆக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மென்று முழுங்காமல் சொன்னேன்: "உங்களுக்கு ஒண்ணும் பிசகல. நீங்க நெனச்சதுதான் சரி. தப்பு பண்ணது நான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பென்சில் தேதியை ரப்பரால் அழித்து, அன்றைய தேதியைப் பேனாவில் எழுதி, கையெழுத்துப் போட்டேன். இனி மூன்று வாரம் காய்ச்சலோ தடிப்போ வருகிறதா என்று பார்க்க வேண்டும், தினமும் சாயங்காலம் நானே போன் பண்ணிக் கேட்பேன், எதுவாக இருந்தாலும், மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும், நேரே வந்துவிடாமல் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்றேன். தலையாட்டினாள். கிளம்புவாள் என்று பார்த்தால் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு எப்படிக்கா மறந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். டாக்டரிடம் 'ஒரு போன் வந்தது' என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவளிடம் அப்படி முடிக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. தம்பியின் போன் தானாக அழுந்தியதை, கதவைச் சாத்திக்கொண்டு அவன் வீட்டைக் கேட்டுக்கொண்டு நின்றதை, பதினோரு நிமிஷத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். என் வாயால் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

என்னை அசடு என்று நினைப்பாள், அல்லது பாவம் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் பையனை மடியில் திருப்பி உட்கார வைத்துக்கொண்டாள்.

"என்ன பேசிக்கிட்டாங்க?" என்றாள்.

"ஒண்ணும் பெருசா இல்ல. வண்டிச் சாவியக் காணோம். எல்லாரும் சேந்து தேடினாங்க. சின்னவன், அப்பா பைலயே பாருங்கன்னு சொல்றான், யாரும் கேக்கல. சிரிச்சுக்கிட்டே தேடினாங்க."

"கெடச்சுதா?"

"தெரியலம்மா" என்றேன். "அதுக்குள்ள கட்டாயிடுச்சு."