கப்பு போட்ட தடம்

"புரட்டிப் புடிங்கப்பா, முதுகுக்கும் ஊத்தணும்" என்றார் கண்ணாயிரம். அந்தத் தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்டிக் கட்டிவிடுகிறவர் அவர்தான். பெஞ்சில் கிடந்த ஜெகதீசனை ஒருக்களித்துச் சாய்த்ததும், தண்ணீரோடு நின்றிருந்த தம்பி தனகோடி குடத்தை நழுவவிட்டார்.

அண்ணன் முதுகில் தோளிலிருந்து இடுப்பு வரை ஊதா நிறத்தில் வட்ட வட்டமாகத் தடங்கள்.

"இன்னாடா இது? அடிச்சிகீறாடா! எங்க அண்ணன அடிச்சே கொன்னுட்டாடா!"

வாசற்படியில் நின்ற மகள் திவ்யாவுக்கு அது என்னவென்று தெரியும். விடியற்காலையில் இரண்டாவது பக்கவாதம் வந்து அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தின நாள்தான் முதுகு வலிக்கிறது என்றாரென்று அம்மா கண்ணாடிக் கப்புகளைச் சூடாக்கிக் கவிழ்த்து வைத்து எடுத்தாள். அவை தோலை உறிஞ்சிய தடம்தான். அதைச் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குள் போய்விட்டார்.

முன்னறைதான் அம்மாவின் கிளினிக். ஒரு பக்கம் பிடித்து நடக்கும் கம்பிகளும் பெரிய ரப்பர் பந்தும். இன்னொரு பக்கம் ஊசிகள், எண்ணெய்கள், கப்புகள். அம்மா சங்கரி முறையாகப் பிசியோதெரபி படித்தவள். அப்புறம் அக்குபஞ்சர், கப்பிங் என்று ஒவ்வொன்றாகக் கற்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அவள் அரை வைத்தியச்சி, ஊசிக்காரர்களுக்கு அரை டாக்டர். வலி போனவர்கள் அந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் மாமல்லபுரத்து மணலில் நடை வகுப்பும் எடுத்தாள்.

உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவள் வழி. முட்டுக்காட்டு மீனவர் தாவீதுக்குக் கை விழுந்தபோது பந்தைக் கொடுக்கவில்லை, வலையைக் கொடுத்தாள். தம்ளரைத் தூக்க மாட்டேனென்ற கை வலையை வீசியது.

போன வருஷம் அப்பாவின் வலது கை விழுந்தபோதும் அப்படித்தான் தேடினாள். தம்ளர், சீப்பு, ஸ்கூட்டரின் பிடி. எதற்கும் கை அசையவில்லை. ஒருநாள் அவர் முன்னால் மண்டியிட்டு முகத்தைக் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டு, "அடிங்க" என்றாள்.

கை எழும்பியது.

அன்று அம்மா அழுதது வலியிலா, வைத்தியம் பலித்த சந்தோஷத்திலா என்று திவ்யாவுக்கு இன்றுவரை புரியவில்லை. அதற்குப் பிறகு தம்ளர் வந்தது, சீப்பு வந்தது. அடியும் பழையபடி வந்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று திவ்யா பல தடவை நினைத்திருக்கிறாள்.

உள்ளே கண்ணாடி நொறுங்கியது. சித்தப்பா அலமாரியையே இழுத்துக் கவிழ்த்திருந்தார். ஒரு கையில் அம்மாவின் கொண்டை. மறு கை அவள் வாயில் பளாரென்று இறங்கியது. அம்மா தடுக்கவில்லை. முகத்தை மட்டும் லேசாகத் திருப்பிக்கொண்டாள், காதில் படாதபடி. பழக்கம்.

"வுடுய்யா அவங்கள!" பொத்தேரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பதருன்னிசா எழுந்து வந்தாள். தோள் வலிக்கு அம்மாவிடம் வருகிறவள். "அது அடி இல்ல, கப்பு போட்ட தடம். தோ, என் தோள்லயும் கீது பாரு. டாக்டரம்மா தனக்கே போட்டுப்பாங்க. கழுத்துல, கன்னத்துல, எத்தினி வாட்டி பாத்துகீறேன். இன்னாம்மா இதுன்னா, புதுசா கத்துக்கினத எம்மேலதான் மொதல்ல போட்டுப் பாப்பேன்னு சிரிப்பாங்க..."

அவள் நிறுத்திவிட்டாள். தன் தோளையும் அம்மாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அதெல்லாம் வட்டமா இல்லியே" என்றாள் மெதுவாக.

துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் அது புதுச் செய்தி இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"புருஷன் பொஞ்சாதின்னா ஆயிரம் இருக்கும். இவ எங்க அண்ணன கொன்னுகீறா. போலீசக் கூப்புடறேன்" என்று கொண்டையை இன்னும் இறுக்கினார்.

மூலையில் அப்பாவின் ஊன்றுகோல் இருந்தது. திவ்யா அதை எடுத்து, சித்தப்பாவின் முழங்கையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். அவர் அலறிக்கொண்டு கையை விட்டார். மறுபடி ஓங்கினாள்.

"கூப்புடு சித்தப்பா! முதுகத்தான காட்டணும்? அப்பா, அம்மா ரெண்டு பேரு முதுகையும் காட்டலாம். கூப்புடு!"

அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிச் சில்லுகளை மிதித்தபடி வெளியே போனார். போன் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

வெளியிலிருந்து கண்ணாயிரத்தின் குரல் வந்தது. "அம்மா, கட்டைவிரல் கட்டணும். வலது கை தொறக்க மாட்டேங்குது. ஒடிச்சாத்தான் வரும் போல."

"ஒடிக்காதீங்க" என்றாள் அம்மா.

உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு போய் பெஞ்சருகே மண்டியிட்டாள். இழுத்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்களும் விலகினார்கள். அப்பாவின் மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், எந்த நோயாளிக்கும் காத்திருப்பதைப் போல. மெல்ல மெல்ல விரல்கள் இளகின. அந்தக் கையை எடுத்து இடது கையோடு சேர்த்து நெஞ்சின்மேல் வைத்தாள்.

கண்ணாயிரம் வெள்ளைத் துணியைக் கிழித்து இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினார். கட்டிவிட்டு எழப் போனார்.

"இன்னொரு முடிச்சு போடுங்க" என்றாள் அம்மா.

கண்ணாயிரம் அவள் முகத்தைப் பார்த்தார். உட்கார்ந்து இன்னொரு முடிச்சுப் போட்டார்.